முதல் சுறாவை அளந்த கதை (கடல் ஆய்வுக்கு வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள்)

மார்த்தாண்டம்காரி:

போன வாரம் ஒரு தம்பி, "அக்கா, கடல் உயிரின ஆய்வுக்கு வரணும், முதல்ல டைவிங் கத்துக்கட்டுமா?" என்று கேட்டிருந்தான். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, அதனால் தனியாகவே போடுகிறேன்.

எம்.எஸ்சி. முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்த பிறகு கொச்சியில் ஒரு சுறா ஆய்வுத் திட்டத்தில் பதினொரு மாத ஒப்பந்தம் கிடைத்தது. மலையாளம் பேச வருமே தவிர படிக்கத் தெரியாது, எப்படிச் சமாளிப்பது என்ற பயத்தோடுதான் தோப்பும்படி துறைமுகத்துக்குப் போனேன். விடியவில்லை. முதலில் காதில் விழுந்ததே "லேய், அந்தக் கயிற விடுல" என்ற குரல். எல்லாம் எங்கள் குமரிக் கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் அந்தக் கரைக்கு இணையே கிடையாது, அவர்களுடைய படகுகள் நிறைய கொச்சியில்தான் மீன் இறக்கும். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊர்க்காரர்களை, நான் கொச்சிக்குப் போய்த்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கடற்கரைக்கும் உள்ள தூரம் அப்படி.

வேலை என்னவென்றால், இறங்குகிற ஒவ்வொரு சுறாவையும் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பது, என்ன இனம் என்று குறிப்பது, ஆணா பெண்ணா என்று பார்ப்பது. ஆண் சுறாவுக்கு அடித்துடுப்புகளை ஒட்டி விரல் மாதிரி இரண்டு இருக்கும், அது கெட்டியாக இருந்தால் பருவம் வந்தது, வளைந்துகொடுத்தால் குட்டி. கேட்க எளிது. ஆனால் ஏலக்காரர் உனக்காக நிற்க மாட்டார். என்னுடைய முதல் சுறா ஒரு கொம்பன் (சுத்தியல் தலைச் சுறா), என்னைவிட நீளம், ஐஸ் தண்ணீரில் டேப் வழுக்குகிறது, தலையின் அந்தப் பக்கக் கொம்பை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கிறார், நான் "அண்ணே, கொஞ்சம் காலை" என்று சொல்லி முடிப்பதற்குள் விலை பேசி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீன் வாங்க வந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "அளந்தா அது வளருமா மக்களே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. போதாக்குறைக்குப் பேனாவால் எழுதியிருந்தேன், மத்தியானம் பார்த்தால் பக்கம் முழுக்க நீலக் குழம்பு. அன்றிலிருந்து பென்சில்தான்.

அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று உண்டு. மரபணு பார்ப்பதற்காகத் துடுப்பில் நகத்தளவு வெட்டி எடுத்து வைக்க வேண்டும். நான் அதையெல்லாம் கல்லூரிப் பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். ஃபார்மலின் உடலின் வடிவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். எத்தனால்தான் வேண்டும். நாற்பத்தொரு குப்பி, மூன்று மாத விடிகாலை. யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதில்லை. கையில் அட்டையும் பென்சிலுமாக நிற்கிற ஆளைத் துறைமுகம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் விஷயம். 2001இல் அம்மணி உழுவையையும் (திமிங்கலச் சுறா, நம்ம பக்கம் உடும்பன்) வேறு சில சுறா, திருக்கை, உழுவை இனங்களையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். 2015 பிப்ரவரியில் சுறாப் பீலி (துடுப்பு) ஏற்றுமதிக்கே தடை வந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது பட்டியல் இன்னும் நீண்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள், அப்புறம் தடை வந்தது. மீனவர்கள் கணக்கு அப்படித்தான். "நீ எழுதுறது எங்களுக்கு எதிராத்தானே போவும்?" என்று ஒரு ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்) நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் போகலாம். "போகலாம் மாமா, ஆனா எழுதாம விட்டா அவங்க குத்துமதிப்பா எழுதுவாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் படகில் இருந்த சுறாவை ஏலத்துக்கு முன்னாலேயே ஓரமாகப் போடச் சொன்னார்.

இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. மீனவர்களிடம் கேள்வித்தாள் நிரப்ப ஒருநாள் தூத்தூர் பக்கம் போனேன். 2019, நவம்பர் 30. ஊரில் ஒரு கடை திறக்கவில்லை, கோயிலில் பூசை நடக்கிறது, வாசலில் வரிசையாகப் போட்டோக்கள், மாலை, மெழுகுதிரி. 2017இல் ஒக்கிப் புயல் வந்த அதே தேதி. நான் கையில் இருபது கேள்வித்தாளோடு நிற்கிறேன். ஒரு பெரியம்மா வந்து மெதுவாக, "இன்னைக்கு வேண்டாம் மக்களே, பிறகு வா, மனசிலாச்சா?" என்றார். குமரி மாவட்டத்தில் பிறந்தவள் நான், எனக்கு அந்தத் தேதி நினைவில் இல்லை.

ஆலா:

நான் விழிஞ்ஞத்திலிருந்து படகில் போய் ஓங்கில் (டால்பின்) கணக்கெடுத்தவன். ஊர் நீரோடி பக்கம். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுக் கொடுப்பார்கள், அந்தக் கோட்டிலேயே படகு போக வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் நின்று எத்தனை, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று குறிக்க வேண்டும். முதல் நாள் ஏழு மணி நேரம், ஒன்றுகூடத் தென்படவில்லை, நான்கு தடவை வாந்தி. பூஜ்யத்தையும் எழுதணும், அதுவும் தகவல்தான் என்று சீனியர் சொன்னபோது அடிக்கத் தோன்றியது. (அவர் சொன்னது சரிதான்.) காற்று கொஞ்சம் ஏறி எங்கும் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் கணக்கெடுப்பை நிறுத்திவிடுவார்கள், அலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் நாள் படகுக்காரர் அண்ணன், "அங்க பாருடே, ஆலா இறங்குது" என்றார். எனக்குப் பறவையே தெரியவில்லை. ஆலா கூட்டமாகத் தண்ணீரில் விழுந்தால் கீழே சூரை சின்ன மீனைத் துரத்துகிறது, சூரையோடு ஓங்கிலும் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஒன்று எம்பி, காற்றிலேயே பம்பரம் மாதிரி சுழன்று விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. நான் எழுதியது 60, சீனியர் எழுதியது 110. கணக்கெடுப்பில் என்ன பிரச்சினை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முகத்துவாரம்:

நான் அந்தக் கோடி, பழவேற்காடு. எங்களுக்கு ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவில், பேச்சில் பாதி தெலுங்கு. பங்குனி ஆமைக்காக (ஆலிவ் ரிட்லி) ராத்திரி கரையில் நடப்பதுதான் வேலை, ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பேருக்குத்தான் பங்குனி. வெள்ளை டார்ச் அடித்தால் முட்டையிட வந்தது திரும்பிப் போய்விடும், அதனால் சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கு. மணலில் தடம் தெரிந்ததும் ஓடக்கூடாது, ஆமை உள்ளே போனதா திரும்பியதா என்று முதலில் தடத்தைப் படிக்க வேண்டும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நாய், நரி தோண்டும் இடமென்றால் பொரிப்பகத்துக்கு மாற்றுவோம், அதற்கு வனத்துறை அனுமதி கட்டாயம், இல்லாமல் தொட்டாலே குற்றம். எடுக்கும்போது புரட்டாமல், எடுத்த வாக்கிலேயே வைக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அசைத்தால் போச்சு.

2025 ஜனவரியில் வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது, இழுவை மடிக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். எங்கள் பக்கம் ஒதுங்கியவற்றை அளந்து, மறுநாள் திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயிண்ட் அடித்தோம். ஒரு வாரம் கையில் பெயிண்ட் போகவில்லை. அம்மா, "சம்பளம் வந்துச்சாடா?" என்று கேட்டாள். அந்தத் திட்டத்தில் நான்கு மாத பாக்கி அப்போது. இதையும் சொல்லிவிடுங்கள் அந்தத் தம்பியிடம்.

இரண்டாமாண்டு:

அந்தத் தம்பி நான்தான். 😅 அப்போ டைவிங் வேண்டாமா? சம்பளம் எவ்வளவுதான் கிடைக்கும்?

மார்த்தாண்டம்காரி:

கற்றுக்கொள், வேண்டாம் என்று யார் சொன்னது, பவளப்பாறை வேலைக்குத் தேவைப்படும். ஆனால் அந்தப் பணத்தில் முதலில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்வுக்குப் படி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000. அது இல்லாமல் திட்டப் பணி என்றால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, முகத்துவாரம் அண்ணன் சொன்ன மாதிரி தள்ளியும் வரும். ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், துறைமுகம் அடங்கியிருக்கும், ஆய்வறிக்கையை அப்போது எழுது. லீவில் உங்கள் ஊர் ஏலக்கூடத்தில் ஒரு மாதம் சும்மா நின்று பார், அட்டை இல்லாமல்.

அப்புறம், அந்த ஸ்ராங்கு மாமா இப்போதும் கூப்பிடுவார். போன மாதம் அவர் வலையில் உடும்பன் ஒன்று மாட்ட, வலையை அறுத்து விட்டிருக்கிறார். நான் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன், செவுளுக்குப் பின்னால் இடப்பக்கப் புள்ளிகளைப் படம் எடுங்கள், நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்து அதே மீனைத் திரும்ப அடையாளம் காணலாம் என்று. வாட்ஸ்அப்பில் நாற்பது வினாடி வீடியோ வந்தது. முப்பத்தேழு வினாடி பையன்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மிச்ச மூன்று வினாடியில் இடப்பக்கம், புள்ளி புள்ளியாக, தெளிவாக இருக்கிறது.