565 பவுண் கணக்கு

லண்டனில் நீதவான் நீதிமன்றங்களுக்குத் தமிழ் உரைபெயர்ப்புக்குப் போய்வருகிறேன். குற்றவாளியிடமே நீதிமன்றச் செலவை வாங்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு 2015-தான் ஞாபகம் வரும்.

அந்த வருடம் ஏப்ரல் 13 முதல் நடந்த குற்றங்களுக்கு, தண்டனையோடு நீதிமன்றக் கட்டணமும் சேர்ந்தது. சின்ன வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 150 பவுண். வழக்காடித் தோற்றால் 520. பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் வழக்காடித் தோற்றால் 1,200. ஆளின் வருமானத்தைப் பார்த்துக் குறைக்க நீதவானுக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு தம்பி, நண்பனின் காரை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டவர். அந்த மாதிரி வழக்குக்கு டியூட்டி சொலிசிட்டரும், அதாவது நீதிமன்றத்தில் இலவசமாக உதவும் வழக்கறிஞரும், இல்லை. "இருக்கெண்டுதான் அவன் சொன்னவன்" என்று வழக்காடும் எண்ணத்தோடு வந்தவர், 150, 520 என்ற இரண்டு தொகையையும் நான் தமிழில் சொன்னதும் கொஞ்ச நேரம் கையிலிருந்த கடிதத்தையே மடித்து மடித்து விரித்தார். அப்புறம் ஒப்புக்கொண்டார்.

அபராதம் 300, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 30, அரசுத் தரப்புச் செலவு 85, இந்தக் கட்டணம் 150. மொத்தம் 565. லைசென்ஸில் ஆறு தண்டப் புள்ளி வேறு.

என் பக்கம் திரும்பி, "உங்கட காசையும் என்னட்டத்தான் எடுப்பினமோ, அண்ணை?" என்றார். அங்கே அவர் என்ன சொன்னாலும் நான் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னேன். "இல்லை, அதை அரசு கொடுக்கும்" என்று நீதவான்களுக்குச் சட்டம் எடுத்துச்சொல்லும் ஆலோசகர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

*

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்:

அண்ணா, எங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. அப்போது நீதி அமைச்சராக இருந்த கிறிஸ் கிரேலிங் கொண்டுவந்த கட்டணத்தை, அவருக்குப் பின் வந்த மைக்கேல் கோவ் நிறுத்தினார். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நீதவான்கள் இதனால் பதவி விலகியதாகச் செய்தி வந்தது. நின்றது 2015 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள். ஏற்கெனவே விதித்தது விதித்ததுதான், ரத்தாகவில்லை.

அத்தானுக்கு இந்தக் கட்டணத்தோடு தீர்ப்பு வந்தது அந்த டிசம்பர் தொடக்கத்தில். மாதம் 20 பவுணாகக் கட்டி முடித்தார். "காய்ச்சல் எண்டு சொல்லி மூண்டு கிழமை தள்ளியிருக்கலாம்" என்று அக்கா இப்போதும் சொல்லுவா.