புனேயில் உள்ளித் தீயல் வைப்பது எப்படி?

கேள்வி – குடந்தைக்காரி:
பிறந்தது கும்பகோணம். வங்கி வேலை நிமித்தம் நாகர்கோவிலில் 17 ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு மாற்றலாகிப் புனேவுக்கு வந்திருக்கிறேன். பிறந்த ஊர்ச் சமையல் கைவந்தது என்பதால் அதற்காக ஏங்க வேண்டியதில்லை; ஏங்குவதெல்லாம், முதல் வருடம் தேங்காய் எண்ணெய் வாடைக்கே முகம் சுளித்த நான் பிறகு விட்டிருக்க முடியாமற்போன குமரி மாவட்டத்துச் சாப்பாட்டுக்காகத்தான். பக்கத்து வீட்டு அக்கா உள்ளித் தீயல் (உள்ளி என்கிற சின்ன வெங்காயத்தில், தேங்காயை வறுத்தரைத்து வைக்கும் புளிக்குழம்பு) வைத்தால் மதிலைத் தாண்டி ஒரு கிண்ணம் வந்துவிடும்; அதனால் கற்றுக்கொள்ளவே இல்லை. இங்கே பாக்கெட்டில் கிடைக்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலை வறுத்து இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் குழம்பு கறுத்துக் கசந்துபோயிற்று. எங்கே தவறுகிறேன்? மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) கண்ணில் படவில்லை. விரத நாள் வந்தால் அந்தக் கிழங்கிலிருந்து எடுத்த ஜவ்வரிசியைத்தான் ஊரே கிச்சடி செய்து சாப்பிடுகிறது, கிழங்கை மட்டும் காணோம்!

பதில் – தக்கலைக்காரன்:
தவறு அந்தத் துருவலில்தான் இருக்கிறது. ஈரமில்லாததால் அது சீராகச் சிவக்கும் முன்பே கருகிவிடும். முற்றிய தேங்காயைத் துருவி, இரண்டு மூன்று உள்ளியும் கறிவேப்பிலையும் சேர்த்து, அடி கனத்த சட்டியில் சிறு தீயில் கை ஓயாமல் கிண்டி வறுங்கள். காப்பிப்பொடி நிறத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டிலேயே மல்லிப்பொடியையும் மிளகாய்ப்பொடியையும் போட்டுப் புரட்டுங்கள்; பொடிகளைத் தீயின் மேல் வறுத்தாலும் கசக்கும். ஆறியபின் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயின் எண்ணெயே பிரிந்து விழுது மையாகிவிடும். வதக்கிய உள்ளியோடு புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாடை போனபின் இந்த விழுதைச் சேர்க்க வேண்டும். பெரிய வெங்காயத்தில் வைப்பதைத் தீயல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் – புனேவாசி:
மலையாளிகள் நடத்தும் கடையில் ‘கப்ப’ என்று கேளுங்கள், மரச்சீனி கிடைக்கும். தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கருநீலக் கோடு விழுந்துவிடும் கிழங்கு அது. ஆகவே இவ்வளவு தொலைவில் உறைய வைத்த துண்டுகளே மேல். வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிடுங்கள். குமரி மாவட்டத்து வாழைப்பழமான மட்டிப் பழத்தை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழமாயிற்றே என்று பெருமையோடு ஒரு சீப்பு ரயிலில் கொண்டுவந்தேன். சோலாப்பூர் வருமுன்னே குழைந்து, பையிலிருந்த சட்டைகள்தான் மணத்தன.

குடந்தைக்காரி:
இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை புதுத் தேங்காயில் வைத்தேன். வறுக்கவே இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று, கசப்பு துளியும் இல்லை. படமெடுத்து நாகர்கோவில் அக்காவுக்கு அனுப்பினேன். “உள்ளி இன்னும் வதங்கணும் மக்களே” என்று பதில் வந்திருக்கிறது.