ஹாலோவீன் மாலைக்கு உங்கள் ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கடந்த ஜூன் மாதம் நியூஜெர்சியின் எடிசனுக்குக் குடிவந்த எங்களுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தவிர இத்தெருவில் ஒருவரையும் தெரியாது. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலையில், வேடமிட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாகச் செல்லும் பிள்ளைகள் வாசல் விளக்கு எரியும் வீடுகளின் கதவை மட்டுமே தட்ட வேண்டும் என்பதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். (கொலுச் சுண்டலுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்கு அது எளிதாகவே விளங்கியது.)

என் கவலை வேறு. ஆறு வயது மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ளது. சென்ற ஆண்டு வேறு ஊரில், அவள் வாளியில் சேர்ந்த மிட்டாய்களில் பாதிக்கு மேல் நான் எடுத்துவிட, பட்டாம்பூச்சி இறகைக்கூடக் கழற்றாமல் அழுதபடியே தூங்கிப்போனாள். தின்பண்டம் அல்லாத பொருள்களும் இங்கே கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக, நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வாசலில் வைக்கும் வழக்கம் 2014 முதல் அமெரிக்காவெங்கும் பரவியிருக்கிறது. நாங்களும் ஒன்று வைத்து, ஸ்டிக்கரும் குட்டிப் பந்துகளும் தரவிருக்கிறோம்.

அத்தகைய வீடுகள் நம் பகுதியில் எவை? அறிமுகமில்லாத அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஸ்டிக்கர்களைக் கொடுத்து, மகள் வரும்போது அவற்றையே தரும்படி கேட்பது முறையாகுமா? அன்று எங்களுடன் சேர்ந்து நடக்க விரும்பும் குடும்பங்கள் இருந்தால், தயவுசெய்து இங்கேயே தெரிவியுங்கள்.