பி.காம் முடிச்சுட்டு ஆர்ட் ஹிஸ்டரி எம்.ஏ. போகலாமா? இல்ல ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டா?

மயிலாப்பூர்வாசி:
பி.காம் முடிச்சு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. சோழர் வெண்கலம்னா சின்ன வயசுல இருந்தே பைத்தியம், அதையே படிக்கணும்னு ஆசை, ஆனா வீட்ல "படிச்சுட்டு மியூசியத்துல டிக்கெட் கிழிக்கப் போறியா"ன்னு கேக்குறாங்க. டெல்லி ஜேஎன்யூ, பரோடா, லண்டன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. யாராச்சும் படிச்சவங்க சொல்லுங்களேன்.

கல்தூண்:
தங்கச்சி, ரெண்டும் வேற வேற படிப்பு, முதல்ல அத பிரிச்சுக்கோங்க. நான் ஆர்ட் ஹிஸ்டரி பக்கம் மட்டும் சொல்றேன். ஜேஎன்யூல ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் ஈஸ்தெடிக்ஸ்ல சிற்பம், நாடகம், சினிமா எல்லாம் ஒரே எம்.ஏ.க்குள்ள வரும், பி.காம்னு யாரும் தடுக்க மாட்டாங்க, தியரி மட்டும் செம்மயா இருக்கும். பரோடா யுனிவர்சிட்டியோட ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேகல்டி 1950ல ஆரம்பிச்சது, அங்க ஓவியம் சிற்பம் பண்றவங்க கூடவே உக்காந்து படிப்பீங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். வெண்கலம்தான் உயிர்னா கிரந்தமும் (தமிழ்நாட்டுல சமஸ்கிருதம் எழுதின பழைய எழுத்து) கல்வெட்டும் படிக்கத் தெரியணும், அதை எந்த எம்.ஏ.வும் முழுசா சொல்லித் தராது, தனியாத்தான் கத்துக்கணும்.

ஃபைல்_தூக்கி:
நான் ஒரு கேலரில வேலை பாக்குறேன். ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட்னா என்னன்னு நெனைக்கிறீங்க? கண்காட்சிக்கு படைப்புங்க பெட்டில வந்து இறங்கும், திறந்து எங்க கீறல், எங்க பெயின்ட் உரிஞ்சிருக்குன்னு போட்டோ எடுத்து கண்டிஷன் ரிப்போர்ட் எழுதணும், இன்சூரன்ஸ், படைப்பை இரவல் வாங்குற லோன் அக்ரிமென்ட், கிரான்ட்டுக்கு (நிதி உதவிக்கு) பட்ஜெட், இதான் பொழப்பு. கணக்கு தெரிஞ்ச ஆள் இங்க ரொம்ப கம்மி, உங்க பி.காம்தான் இங்க சொத்து. அதனால கடன் வாங்கி லண்டன்ல ஒரு வருஷ கோர்ஸ் போறதுக்கு முன்னாடி சென்னை பக்கத்துல இருக்குற தக்ஷிணசித்ரா மியூசியத்துலயோ, கொச்சி பினாலேங்கிற கலைக் கண்காட்சிலயோ கொஞ்ச நாள் வேலை பாருங்க, பிடிக்கலன்னா பணமாச்சும் மிஞ்சும்.

மயிலாப்பூர்வாசி:
ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும். அப்ளிகேஷனுக்கு ரைட்டிங் சாம்பிள் (நாமளே எழுதின மாதிரிக் கட்டுரை) கேட்டா என்ன எழுதுறது?

கல்தூண்:
புக்ல இருந்து சுடாதீங்க, அது படிச்ச உடனே தெரிஞ்சிரும். எழும்பூர் மியூசியத்துல திருவெண்காட்டு அர்த்தநாரி வெண்கலம் (பாதி சிவன், பாதி அம்மன்) முன்னாடி ஒரு மணி நேரம் நில்லுங்க. சிவன் பக்கம் ரெண்டு கை, அம்மன் பக்கம் ஒண்ணுதான். முன் வலது கை மடங்கி அந்தரத்துல நிக்கும், சாயறதுக்கு ஒரு காளை இருந்திருக்கணும், இப்ப இல்ல. ஏன் அப்படி, இடுப்பு எந்தப் பக்கம் வளையுதுன்னு பாத்ததை மட்டும் ரெண்டு பக்கம் எழுதுங்க, போதும். வெள்ளிக்கிழமை போயிராதீங்க, லீவு.