ஹாலிவுட் ஸ்ட்ரைக் சமயத்தில் ரசிகராக நீங்கள் என்ன செய்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

பர்பாங்க் பாலா:
2023 ஸ்ட்ரைக் பற்றி எல்லோருக்கும் தெரியும், முழுக்கதை வேண்டாம். கூலிக்காகவும் ஏஐ பிரச்சினைக்காகவும் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே 2-லிருந்தே தெருவில் இருந்தார்கள். ஜூலை 14-இல் நடிகர்களும் இறங்கினார்கள். இரண்டு சங்கமும் ஒரே நேரத்தில் ஸ்ட்ரைக் செய்தது 1960-க்குப் பிறகு அப்போதுதான். நான் ஆபீஸ் போகும் வழியில்தான் ஸ்டுடியோ வாசல். ஹாரன் அடித்துவிட்டுப் போவதோடு சரி. ஒரு நாள் மனசு கேட்காமல் காஸ்ட்கோவில் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு அங்கே இறங்கிவிட்டேன்.

என்னிடம் பாட்டில் வாங்கிய பெண்மணியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சட்டென்று பிடிபட்டது. நானும் மனைவியும் ஓடிடியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆஸ்பத்திரித் தொடரில் நர்ஸாக வருவார். மொத்தமே இரண்டு வசனம். அதில் ஒன்றை அவரிடமே சொல்லிக் காட்டினேன். வெயிலில் கன்றிப்போன முகத்தோடு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். அப்புறம் போனை எடுத்து ஒரு காசோலையின் படத்தைக் காட்டினார். அந்த எபிசோடுக்காக அந்த முறை வந்த ரெசிடுவல், அதாவது மறுஒளிபரப்புக்கான பங்கு. 11 சென்ட். அதை அனுப்பிய தபால்தலையின் விலை அதைவிட அதிகம்.

"நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்?" என்று கேட்டார். ஐந்தாறு தடவை இருக்கும் என்றேன். "இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்வதே இல்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வருஷத்துக்கு 26,470 டாலர் சம்பாதித்தால்தான் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்கும், இந்த வருஷம் அதைத் தொட வழியில்லை என்றும் சொன்னார். இன்றைக்கும் அந்தத் தொடரைப் போட்டால் அந்த 11 சென்ட்தான் கண்முன் வருகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

நியூஜெர்சி நந்தா:
பாலா, தண்ணீர் கொடுத்தீர்கள், நல்லது. ஆனால் மாதம் பிறந்தால் அதே கம்பெனிக்குச் சந்தாவும் கட்டிக்கொண்டுதானே இருந்தீர்கள்? நான் ஜூலையிலேயே மூன்று ஓடிடி ஆப்பை நிறுத்திவிட்டேன். 'ஏன் விலகுகிறீர்கள்' என்று ஒரு பட்டியல் வரும் பாருங்கள். விலை அதிகம், பார்க்க எதுவும் இல்லை, வேறு ஆப்புக்கு மாறுகிறேன், இப்படிப் போகும். நம் காரணம் அதில் இல்லவே இல்லை. 'மற்றவை' என்பதைத் தட்டினால் ஒரு சின்னக் கட்டம். அதில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தேன். மறுநாளே பாதி விலைக்குத் திரும்பி வரச் சொல்லி மெயில். படித்தார்களா இல்லையா என்பது அந்தச் சர்வருக்கே வெளிச்சம்.

குவீன்ஸ் வாசுகி:
நான் செய்தது என்று எதுவும் இல்லை. செய்தது என் அத்தை, அதாவது மாமியார்.

நடிகை ட்ரூ பேரிமோரின் டாக் ஷோவில் எழுத்தாளர் சங்க பேட்ஜ் குத்தியிருந்த இரண்டு பார்வையாளர்களை வெளியே அனுப்பிய விவகாரம் செப்டம்பரில் வெடித்ததே, அதற்குக் கொஞ்சம் முன்னால். அது இல்லை, வேறொரு பகல்நேர டாக் ஷோ, பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து வந்திருந்த அத்தைக்கு டிவி ஸ்டுடியோவைக் காட்டலாம் என்று இலவச டிக்கெட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன், கிடைத்தது. போய் வரிசையில் நின்றால், எதிரே அட்டைகளோடு இருபது பேர் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

"எதுக்கு இவுக இந்த வெயில்ல சுத்துறாக?" என்றார் அத்தை. கதை எழுதுகிறவர்கள், கூலி கேட்டு ஸ்ட்ரைக் என்றேன். "அப்ப நாம எதுக்கு உள்ள போறோம்?" என்றவர் அடுத்த நொடி வரிசையை விட்டு விலகிவிட்டார். அவருடைய அப்பா மில் தொழிலாளி. "எங்கய்யா மில்லு வாசல்ல உக்காந்திருந்தப்ப உள்ள போன ஆளுக்கு, அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல பந்தியில எடம் குடுக்கல. கருங்காலின்னு பேரு" என்றார். நடு மன்ஹாட்டனில், சேலையும் ஸ்னீக்கர்ஸுமாக நின்றுகொண்டு.

எனக்கு உறுத்துவது அத்தை இல்லை. நாங்கள் விலகியதும் பின்னால் நின்றவர் மிக மரியாதையாக, "அப்போ உங்கள் இடத்துக்கு நான் நகர்ந்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அந்த முகம் மறக்கவே இல்லை. அத்தை அதற்குள் ஒருவரிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்.

அட்லாண்டா ரவி:
வாசுகி மேடம், தப்பாக நினைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வந்த பெரியவரை மறியலில் நடக்க விடுவது ரிஸ்க். ஏதாவது ஆகியிருந்தால்? நாம் ஓரமாக நின்று கைதட்டினால் போதும்.

குவீன்ஸ் வாசுகி:
ரவி சார், அதை நீங்களே அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். நம்பர் தருகிறேன்.

காம்ப் கார்த்தி (சென்னை):
தண்ணீர் கொடுத்த கதையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் விஎஃப்எக்ஸில், அதாவது கம்ப்யூட்டரில் காட்சி ஜாலம் செய்யும் துறையில், காம்ப் ஆர்ட்டிஸ்ட்; தனித்தனியாக எடுத்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்ப்பவன். நீங்கள் பார்க்கும் ஹாலிவுட் படத்தில் கயிறு அழிப்பது, ஆளைச் சுற்றி வெட்டிப் பிரித்தெடுப்பது (இதுதான் ரோட்டோ), பின்னணியைச் சேர்ப்பது, இதில் நிறைய வேலை சென்னை, ஹைதராபாத், பெங்களூரில்தான் நடக்கிறது. அங்கே ஷூட்டிங் நின்றால் இங்கே பிளேட், அதாவது நாங்கள் வேலை செய்ய வேண்டிய படப்பிடிப்புக் காட்சி, வராது. உடனே தெரியாது, ஏற்கெனவே எடுத்ததை வைத்துச் சில மாதம் ஓடும். தீபாவளி சமயத்தில்தான் அடி விழுந்தது.

ஒரு திங்கள்கிழமை டெய்லிஸுக்கு, அதாவது செய்த வேலையைத் திரையில் போட்டுப் பார்க்கும் கூட்டத்துக்கு, போய் உட்கார்ந்தோம். லீட் ஷாட் லிஸ்ட்டைத் திறந்தார். காலி. அப்படி ஒரு வெள்ளைப் பக்கத்தை அந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. கலர் கரெக்‌ஷனுக்காக லட்சங்கள் கொடுத்து வாங்கிய மானிட்டரில் கொஞ்ச நேரம் உலகக் கோப்பை ஹைலைட்ஸ் ஓடியது. அந்த மாதமே ரோட்டோ டிபார்ட்மெண்டில் கான்ட்ராக்ட் பையன்களைப் புதுப்பிக்கவில்லை. அவர்களுக்கு ஸ்ட்ரைக் ஃபண்டும் இல்லை, அட்டை பிடிக்க வாசலும் இல்லை.

இதனால் ஸ்ட்ரைக் தப்பு என்று சொல்லவில்லை. ஏஐ விஷயத்தில் அவர்கள் அன்று நிற்காவிட்டால் ஒரு நாள் கூலி கொடுத்து ஆளை ஸ்கேன் செய்து காலத்துக்கும் பயன்படுத்தியிருப்பார்கள். அடுத்து எங்கள் தலைதான். ஆனால் நந்தா அண்ணா, நீங்கள் நிறுத்திய மூன்று ஆப்பில்தான் எங்கள் அடுத்த வேலை இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ரசிகர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. 'கேவலமான சிஜி' என்று மீம் போடுவதற்கு முன், அந்த ஷாட்டுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மார்வெலின் விஎஃப்எக்ஸ் ஆட்கள் அதே செப்டம்பரில் சங்கம் வைக்க ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்தச் செய்தியை எத்தனை ரசிகர்கள் பகிர்ந்தீர்கள்?

நியூஜெர்சி நந்தா:
கார்த்தி தம்பி, கஷ்டம் புரிகிறது. ஆனால் இதே வாதத்தைத்தான் முதலாளிகளும் சொல்வார்கள்: 'எங்களை அடித்தால் உன் வேலைதான் போகும்.'

பர்பாங்க் பாலா:
நந்தா, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்ட்ரைக்கில் இரண்டு சங்கமுமே ரசிகர்களைச் சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை, படத்தைப் புறக்கணிக்கவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். முடிவில் எழுத்தாளர்கள் வாங்கிய ஒப்பந்தத்தைப் பாருங்கள். வெளியான முதல் 90 நாளில், அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு ஈடான பார்வை வந்தால் போனஸ். நாம் பார்ப்பதும் கணக்கில் வருகிறது என்று அர்த்தம். போராடுகிறவர் கேட்காத ஆயுதத்தை நாம் ஏன் தூக்க வேண்டும்?

ஸ்டுடியோ சிட்டி சுந்தரம்:
என் அனுபவம் சின்னது. யுனிவர்சல் ஸ்டுடியோ பக்கம் பார்ஹாம் பொலிவார்டில் மரங்களை மொட்டையடித்ததும் நிழலே இல்லாமல் போனது. அனுமதி வாங்காமல் வெட்டியதற்கு 250 டாலர் அபராதம் என்று பிறகு செய்தி வந்தது. அங்கே ஒரு நாள் மடக்குக் குடை கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு வயதான எழுத்தாளர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த முறை போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். முதலில், போகும் முன் சங்கத்தின் தளத்தில் மறியல் நேரத்தைப் பாருங்கள். மதியத்துக்குள் கலைந்துவிடுவார்கள், நீங்கள் சாவகாசமாக மூன்று மணிக்கு டோனட் பெட்டியோடு போனால் செக்யூரிட்டிதான் இருப்பார். டோனட்டே வேண்டாம், வெயிலில் கையெல்லாம் பிசுபிசுக்கும். ஐஸ், உப்புப் பிஸ்கட், சன்ஸ்கிரீன், குப்பை போடப் பெரிய பை. குப்பைப் பையை யாரும் கொண்டுவருவதில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரை லோடிங் வாசலில் நிறுத்தாதீர்கள். பிரபல நடிகர் வந்தால் செல்ஃபிக்கு முண்டாதீர்கள், எட்டு மணியிலிருந்து நடக்கும் பெயர் தெரியாத ஆட்களிடம் பேசுங்கள். உங்கள் மச்சான் எழுதிய ஸ்கிரிப்டைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள், நான் கண்ணால் பார்த்தேன், ஒருவர் கொடுத்தார்.

பணம் கொடுப்பதானால் என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்ட். 1882-லிருந்து இருக்கும் அமைப்பு. நடிகர், எழுத்தாளர் மட்டும் இல்லை, லைட் பிடிப்பவர், மேக்கப் போடுபவர், தையல்காரர் எல்லோருக்கும் உதவும். ஸ்ட்ரைக்கில் இல்லாமலே வேலை இழந்தவர்கள் அவர்கள். காமெடி நடிகர் ட்ரூ கேரி பர்பாங்கில் பாப்ஸ் பிக் பாய் உணவகத்தில் எழுத்தாளர் சங்க அட்டையைக் காட்டியவர்களின் சாப்பாட்டு பில்லை ஏற்றுக்கொண்டார். நம்மால் அவ்வளவு முடியாது, ஒரு மேசைக்கு முடியும். அடுத்து, யூடியூபில் விமர்சனம் செய்யும் பிள்ளைகளுக்கு: ஸ்டுடியோ காசு கொடுத்து விளம்பரம் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்ட்ரைக் நேரத்தில் அந்த வேலை செய்பவரைப் பின்னாளில் உறுப்பினராகச் சேர்க்க மாட்டோம் என்று நடிகர் சங்கமே அறிவித்திருந்தது. அப்புறம் செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தார் சுடும்.

குவீன்ஸ் வாசுகி:
சுந்தரம் சார், குடை கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே. அந்த எழுத்தாளர் என்ன சொன்னார்?

ஸ்டுடியோ சிட்டி சுந்தரம்:
"குடையை எப்போது திருப்பித் தர வேண்டும்?" என்று கேட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானதும் என்றேன். செப்டம்பர் 27-இல் எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக் முடிந்தது. குடை வரவில்லை.

ஆர்க்கேட் அன்பு (சிங்கப்பூர்):
சினிமா மட்டும் பேசுகிறீர்கள். 2024 ஜூலையில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் ஸ்ட்ரைக் தொடங்கினார்கள், அதே நடிகர் சங்கம், அதே ஏஐ பிரச்சினை, கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது. நான் தினமும் விளையாடும் கேமில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கதாநாயகியின் தோழி பேச வருகிறாள், வாய் அசைகிறது, சத்தமே இல்லை. கீழே எழுத்து மட்டும் ஓடுகிறது. ஹெட்போன் போய்விட்டது என்று கழற்றி மாட்டி, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம்தான் அவளுக்குக் குரல் கொடுப்பவர் ஸ்ட்ரைக்கில் இருக்கும் விஷயம் தெரிந்தது.

சில மாதம் கழித்து அந்தப் பாத்திரத்துக்குப் புதுக் குரல். ரசிகர்கள் அந்தப் புதுப் பெண்ணின் பக்கத்தில் போய் அசிங்கமாகத் திட்டினார்கள், எல்லாம் 'ஸ்ட்ரைக்குக்கு ஆதரவு' என்ற பெயரில். பழைய குரல் கலைஞரின் லைவில், நாங்கள் செய்வது சரியா என்று கேட்டேன். "எனக்காகச் செய்வதாக இருந்தால் நிறுத்துங்கள். கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள், அவளுக்கு இல்லை" என்றார். நான் எழுதினேன். அந்த லைவில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? வாசுகி அக்காவின் அத்தை கருங்காலி என்பார், ஆனால் அந்தப் பெண் சங்கத்திலேயே இல்லாத புது ஆள். அவளை எந்தக் கணக்கில் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குவீன்ஸ் வாசுகி:
அத்தையிடம் போனில் கேட்டேன், அன்பு. "ஆளு புதுசா இருந்தா என்ன, வாசல் பழசுதானே. ஆனா பொம்பளப் புள்ளைய வையக் கூடாது" என்கிறார்.

ஸ்டுடியோ சிட்டி சுந்தரம்:
தம்பி அன்பு, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். காதுக்குக் கெடுதல்.