இன்டைரக்ட் ஆப்ஜெக்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

பென்னாகரம் ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் வினை அமைப்புகள் பற்றி 16 பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்: இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் ('கிவ் மீ எ பென்' என்பதில் வரும் 'மீ' மாதிரி, யாருக்கு என்று காட்டுவது), இன்ஃபினிட்டிவ் ('டு கம்' மாதிரி வரும் வினை).

நேற்று 32 நோட்டுத் திருத்தினேன். பாதிக்கு மேல் 'ஹி எக்ஸ்ப்ளெயின்டு மீ த சம்' என்றே எழுதியிருக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை. 'எனக்குப் பேனா கொடுத்தார்', 'எனக்குக் கணக்கை விளக்கினார்' இரண்டிலும் நமக்கு ஒரே 'கு'. இங்கிலீஷில் 'கிவ்' வந்தால் 'மீ' போதும், 'எக்ஸ்ப்ளெயின்' வந்தால் 'டு மீ' வேண்டும். அடுத்தது 'ஹி செட் மீ டு கம்'. 'டெல்', 'சே' இரண்டுக்கும் நம்மிடம் 'சொல்' ஒன்றுதான். 'என்னை வரச் சொன்னார்' என்பதை எடுத்து 'ஹி டோல்டு மீ டு கம்' பக்கத்தில் எழுதிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆக, இலக்கணம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. பெயர்தான் இல்லை.

என்னிடம் உள்ள பழைய கையேட்டில் 'மறைமுகச் செயப்படுபொருள்', 'முடிவிலி வினை' என்று இருக்கிறது. முடிவிலி என்றதும் ஒரு மாணவி எழுந்து, "அது கணக்குல வருமே டீச்சர், எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி" என்றாள். அவள் கேட்டது சரிதான்.

கிருஷ்ணகிரி மொழிபெயர்ப்பாளர்:

டீச்சர், 'மறைமுகச் செயப்படுபொருள்' நீளம்தான், ஆனால் புழக்கத்தில் ஏறிவிட்டது. ஊருக்கு ஒரு சொல் வைத்தால் பிள்ளைகள் மேல்வகுப்பில் தடுமாறுவார்கள். 'முடிவிலி'யை விட்டுவிடலாம். மூலச் சொல்லின் பொருள் 'எல்லைப்படாதது'. ஆள், எண், காலம் எதுவும் வரம்பு கட்டாத வினை என்பதால் அந்தப் பெயர். நம் 'செய' எச்சமும் அப்படித்தானே: நான் போக, அவன் போக, அவர்கள் போக. 'செய எச்சம்' என்றே போடுங்கள்.

அரூர் புலவர்:

மறைமுகம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். மறைமுக வரியில் மறைவு உண்டு. பேனாவைக் கைநீட்டி வாங்குகிற பிள்ளையிடம் என்ன மறைவு?

சொல்லைப் புதிதாகத் தேட வேண்டாம். தொல்காப்பியர் தொழில்முதனிலை, அதாவது ஒரு வினை நிகழக் காரணமானவை, எட்டு என்றார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறோடு 'இன்னதற்கு', 'இது பயனாக' என்ற இரண்டையும் சேர்த்தார். நன்னூலார் ஆறோடு நிறுத்திக்கொண்டார். அவர் விட்ட இரண்டும்தான் இன்று டீச்சர் கேட்கிற இரண்டும். யாருக்கு என்பது 'இன்னதற்கு'. எதற்காக என்பது 'இது பயனாக'.

உதாரணத்துக்கும் ஊர் தாண்ட வேண்டாம். நம் தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததை ஔவையார் புறநானூற்றில் 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்கிறார். 'நீங்க' செய எச்சம், 'எமக்கு' நான்காம் வேற்றுமை. நீங்கள் 16 பக்கத்தில் விளக்கப் போவது ஒரே அடியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரப்போர் சொல்லில் ஈ தாழ்ந்தவர் கூற்று, தா ஒத்தவர் கூற்று, கொடு உயர்ந்தவர் கூற்று என்று விதி. ஔவை இரந்து கேட்கவில்லை, கனி தானாக வந்தது. அப்படியும் 'தந்தனை' என்னாமல் 'ஈத்தனை' என்கிறார். அந்தப் பணிவை நினைத்து நான் பலமுறை புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

புலவர் ஐயா, அந்த 'ஈ' இங்கே தினமும் காதில் விழுகிறது. எங்கள் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளை 'நாக்கு இவ்வு' என்கிறான். 'இவ்வு' நம் 'ஈ'யின் உறவுதான். கன்னட வீட்டுப் பிள்ளை 'நனகெ கொடு' என்கிறான். அப்புறம், நாம் 'செய்யறதுக்கு' என்பதை அவர்கள் 'மாடலிக்கெ', 'சேயடானிக்கி' என்கிறார்கள். மூன்றிலும் ஆளுக்கு வருகிற உருபே வினைக்கும் வருகிறது. இங்கிலீஷ் 'டு'வும் அப்படியே. 'டு மீ', 'டு கோ'. பழைய ஆங்கிலத்தில் அந்த 'டு'வுக்குப் பின் வந்த வினை நான்காம் வேற்றுமை வடிவில் இருந்தது. ஆகவே 'கு-பொருள்', 'கு-வினை' என்று வைத்தால் என்ன?

கிருஷ்ணகிரி மொழிபெயர்ப்பாளர்:

வேண்டாம் தம்பி. 'எனக்குப் பசிக்கிறது' என்பதிலும் 'கு' இருக்கிறது. 'கு-பொருள்' என்று கற்றுக்கொடுத்தால் பிள்ளை 'டு மீ' என்று தொடங்கிவிடும். புலவர் ஐயாவின் 'இன்னதற்கு' அழகானது, ஆனால் வாக்கியத்தில் நிற்காது. 'இன்னதற்கு எங்கே வரும்' என்று தேர்வில் கேட்க முடியுமா?

ஓசூர் பொறியாளர்:

'பெறுநர்' என்று வையுங்கள். கடிதம் எழுதப் பழகிய எல்லாப் பிள்ளைக்கும் அனுப்புநர், பெறுநர் தெரியும். 'கிவ்' வந்தால் பெறுநர் பின்னால் போகும்போது 'டு' சேரும், 'பை' வந்தால் 'ஃபார்' சேரும். 'ஐ பாட் ஹிம் எ பென்', 'ஐ பாட் எ பென் ஃபார் ஹிம்'. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது.

அரூர் புலவர்:

பெறுநர் உயர்திணை. 'கதவுக்கு ஒரு தள்ளு கொடுத்தான்' என்ற வாக்கியம் இங்கிலீஷில் இதே அமைப்பில்தான் வரும். கதவு பெறுநரா? 'கொள்பொருள்' என்றால் இரு திணைக்கும் ஆகும். நான்காம் வேற்றுமையை 'எப்பொருளாயினும் கொள்ளும்' என்று தொல்காப்பியர் சொன்னதிலிருந்தே அது வருகிறது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

ஐயா, கொள்பொருள் என்றால் பிள்ளைகள் பேனாவைக் காட்டுவார்கள், வாங்கினவனைக் காட்ட மாட்டார்கள். பெறுநருக்கே என் வாக்கு.

பென்னாகரம் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு இரவு மணி 11 ஆகிவிட்டது. கையேட்டில் 'பெறுநர்', 'செய எச்சம்' என்று போட்டுவிட்டேன். பெறுநரில் மூன்று பேர் ஒத்துப்போகிறோம். 'டு எர் இஸ் ஹ்யூமன்' மாதிரி வினை பெயராக நிற்கிற இடத்தில் செய எச்சம் பொருந்தாது, அங்கே தமிழில் 'தவறுதல்' என்று தொழிற்பெயர்தான் வரும். அதைத் தனிப் பத்தியாக எழுதினேன். முதல் பக்கத்தில் ஔவையின் அடியைப் பெரிய எழுத்தில் வைத்து, 'எமக்கு' என்பதன் கீழ் ஒரு கோடு, 'நீங்க' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அரூர் புலவர்:

அடியை வைத்தது மகிழ்ச்சி அம்மா. செய எச்சத்தில் எனக்குத் தடையில்லை. பெறுநரை மட்டும் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் கதவுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.