ஆர்பிஐ (ரன் பேட்டட் இன், பேட்டர் பேருல எழுதுற ரன்) கணக்குல ஒரு குழப்பம், பேஸ்பால் தெரிஞ்சவங்க ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, பையன் டீமுக்கு ஸ்கோர் எழுதுற வேலைய என் தலைல கட்டிட்டாங்க, நானோ கிரிக்கெட் பாத்து வளந்தவன். பேட்டர் அடிச்சதால ரன் வந்தா ஆர்பிஐ, அது புரியுது. பேஸ் மூணும் ஃபுல்லா இருக்கும்போது வாக் (நாலு தப்பான பந்து போட்டதால ஃப்ரீயா ஃபர்ஸ்ட் பேஸ்) வாங்கினாலோ, பந்து மேல பட்டாலோ கூட, மட்டையே படாம ஒரு ஆர்பிஐ கெடைக்குது (இது எனக்கு ரொம்பப் புடிச்ச ரூல்). சாக்ரிஃபைஸ் ஃப்ளைக்கும் (தூக்கி அடிச்சு கேட்ச்ல அவுட்டானாலும் பேஸ்ல இருந்தவன் ஓடி ரன் எடுக்குறது) உண்டு. ஆனா கிரவுண்டர் (தரையோட போற பந்து) அடிச்சு ஃபோர்ஸ் டபுள் பிளே (அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டியவங்கள்ல ஒரே அடில ரெண்டு பேர் அவுட்) ஆயிட்டா ரன் வந்தாலும் ஆர்பிஐ கெடையாது.

இப்ப மேட்டர் என்னன்னா, நேத்து ஃபர்ஸ்ட் பேஸ்லயும் தேர்ட் பேஸ்லயும் ஆள், அவுட் ஒண்ணும் இல்ல, ஷார்ட்ஸ்டாப்புக்கு (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர்) நேரா கிரவுண்டர், செகண்ட்ல ஒரு அவுட், அங்கிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு போட்ட த்ரோ நேரா கைக்கு வந்தும் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் தவற விட்டுட்டான், அதுக்குள்ள தேர்ட்ல இருந்தவன் ஹோமுக்கு வந்துட்டான். ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு எரர் (ஃபீல்டர் பண்ண தப்பு) போட்டேன். டபுள் பிளே ஆகலையே, அப்ப ஆர்பிஐ குடுக்கலாம்னு நான் குடுத்துட்டேன். கோச் வந்து அத பென்சிலால கோடு போட்டு அடிச்சிட்டாரு, புடிச்சிருந்தா டபுள் பிளே தானே, அதனால கெடையாதுங்கிறாரு. அவர் சொல்றது சரியா?

எரர்னாலே ஆர்பிஐ போச்சா, இல்ல ரெண்டு அவுட்டுக்கு முன்னாடி, எரர் இல்லாட்டியும் தேர்ட்ல இருந்தவன் வந்திருப்பான்னா குடுக்கலாமா? 1930 சீசன்ல ஹேக் வில்சன்ங்கிற அமெரிக்க பேஸ்பால் பிளேயர் எடுத்த 190 ஆர்பிஐயவே 1999ல தான் 191ன்னு திருத்துனாங்களாம், அப்ப நான் தப்பு பண்றது பெருசில்ல. ஆனா அடிச்ச பையனோட அம்மா ஸ்கோர்ஷீட்ட போட்டோ எடுத்து வச்சிருக்காங்க, சனிக்கிழமை அடுத்த மேட்ச், அதுக்குள்ள சொல்லுங்கப்பா.